மூலம்

தொண்ணூறு அடி ரோட்டிலிருந்து
மூன்று பேர் தூக்கிவந்து இறக்கினார்கள்.
கீழ்ப்பாதி ஊறிப்போன வீடியோ கேம் பெட்டி.
நின்ற இடத்தில் குட்டை வைத்தது
எங்கள் சந்தில் பிறந்த எந்தக் குழந்தையையும் போல.

ரோஹின்டன் சாருக்கு லோயர் பரேலில் பார்.
"ஒரிஜினலா வேணும் செல்வின்," என்றார்.
அட்வான்ஸ் கொடுத்தார்.
படியிறங்கும்போது திரும்பி இன்னொரு முறை:
"ஒரிஜினல்."

முதலில் இஷ்ரத்.
பின்கதவைத் திறந்து
ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு
மறுகையால் ஸ்க்ரூடிரைவரை
பிக்சர் ட்யூபின் ரப்பர் மூடிக்கு அடியில் செருகினாள்.
டப்.
யாரோ கடைசியாய் ஆடியதன் மிச்சம்
ஒரு சொல்லோடு போய்விட்டது.
"இனி உன் பாடு," என்றாள்.

என் பாடு ஈரம்.
ஆகஸ்டில் தாராவியில்
துவைத்த பனியனே மூன்று நாள் யோசிக்கும்.
வெளியே டேபிள் ஃபேன்,
உள்ளே அறுபது வாட் குண்டு பல்பு.
காலையும் மாலையும்
மீட்டரின் இரண்டு ஊசிகளை மரத்தில் குத்தினேன்.
முப்பத்தொன்று. இருபத்தெட்டு.
மழை வலுத்தது, மறுபடி இருபத்தொன்பது.
பதினெட்டில் ஒரு வாரம் அழிச்சாட்டியம் செய்தது.
பதின்மூன்றில்
சுரண்டியை எடுத்தேன்.

பெயிண்ட் உரிந்ததற்குப் பெயிண்ட்டைத் திட்டக் கூடாது.
யாரோ அவசரக்காரன் ஈரத்தின் மேல் அடித்தது.
மூடிவிட்டால் ஈரம் எங்கே போகும்?
கொப்புளமாய் எழுந்து வாசல் தேடும்.
நகம் பட்டாலே
கருவாட்டுச் செதிலாய்க் கழன்றது சிவப்பு.
கீழே ஆரஞ்சு, அதில் ஒரு ராக்கெட்,
மீசை வைத்த வேற்றுக்கிரகவாசி ஒருவன்.
படமெடுத்து அனுப்பினேன்.
"ரீபெயிண்ட். இன்னும் கீழே போ."

போனேன்.
ஆரஞ்சுக்குக் கீழே வெள்ளை.
வெள்ளையின் மேல், கறுப்பில், கொட்டைத் தமிழில்:

மூலம்
அறுவையின்றி நிரந்தரக் குணம்
மாடியில்

அப்புறம் ஓர் அம்புக்குறி.
இப்போது அது
காசு போடும் துளையைக் காட்டிக்கொண்டிருந்தது.

எந்த வைத்தியசாலை மூடியபோதோ
பெட்டி செய்தவன் பலகையை அள்ளி வந்திருக்கிறான்.
நல்ல ப்ளைவுட்.
நானும் விட்டிருக்க மாட்டேன்.

அறுவையின்றி என்றது பலகை.
அடியில் நான்கு அங்குலம் அறுத்தேன்.
தண்ணீர் குடித்த பகுதி
நனைந்த நோட்டுப் புத்தகமாய் ஏடேடாய் விரிந்தது.
படிபோல் வெட்டிப் புது மெரைன் ப்ளை பொருத்தி,
எபாக்ஸி தடவி, இரவெல்லாம் கிளாம்ப்பில் இறுக்கி,
மூட்டில் எம்-சீல், எண்பதாம் நம்பர் உப்புத்தாள்,
நூற்றிருபது, இருநூற்றிருபது.
மூக்குக்குள் மூன்று காலத்துத் தூசி.
கடைசியாய் நான்கு இரும்புக் கால்கள்:
தரையில் வெள்ளம் வந்தால்
எட்டிப் பார்க்கட்டும், குடிக்க வேண்டாம்.

சார் வந்தார். எழுத்தை விரலால் தடவினார்.
"என்ன எழுதியிருக்கு?"
"மூலம், சார்."
"மீனிங்?"

இஷ்ரத் தாராவியில் பிறந்தவள், தமிழ் தெரியும்.
சால்டரிங் புகைக்குள் இன்னும் குனிந்துகொண்டாள்.

"ஒரிஜின்," என்றேன்.
பொய்யில்லை. எந்த அகராதியும் என் பக்கம்.
அவர் கண் கலங்கியது மாதிரி இருந்தது.
தின்னர் வாடையாகவும் இருக்கலாம்.
"இதை மூடாதே. மேலே க்ளியர் மட்டும் அடி."

மூன்று கோட் மேட் வார்னிஷ்,
கோட்டுக்கு இடையில் இரண்டு நாள்.
வெயில் வந்த ஒரு செவ்வாய்க்கிழமை டெம்போவில் ஏற்றினோம்.

மஞ்சள் விளக்கின் கீழ் பெட்டி நின்றது.
ஒரு பெண் 'மூலம்' அருகே கன்னம் வைத்து
செல்ஃபி எடுத்துக்கொண்டாள்.
கண்ணாடித் தம்ளர் அடுக்கிய ட்ரேயுடன் வந்த பையன்
எழுத்துக் கூட்டிப் படித்தான்,
என்னைப் பார்த்தான்.
தம்ளர்கள் கிணுகிணுத்தன.
உதட்டில் விரல் வைத்தேன்.

"எந்த ஊர்?"
"சின்னசேலம் பக்கம்ணே."
ட்ரேயை இறக்கி வைத்துவிட்டுக் கிட்டே வந்தான்,
குரலைத் தாழ்த்தினான்.
"நெசமாவே குணமாகுமாண்ணே?"

பைக்குள் மீட்டரைப் போட்டு ஜிப்பை இழுத்தேன்.
"அடியில ஈரம் தங்காம பாத்துக்கோ," என்றேன்.
"மத்ததெல்லாம் தானாச் சரியாகும்."